எட்டாம் தளத்துச் சட்டி

சனிக்கிழமை மாலை நான்கு மணியானால் எட்டாம் தளத்தின் எட்டு வீட்டுக் கதவுத் தொடுதிரைகளும் ஒரே கேள்வியைக் கேட்கும்: ‘இன்றைய வெப்பப் பங்கைத் தளத்துச் சட்டிக்குத் தருகிறீர்களா?’ பதினோரு வருடமாகச் செல்வக்கனி யோசிக்காமல் கட்டைவிரலை வைத்து வந்தவள். இன்றைக்கு விரலை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், வைக்கவில்லை.

தூத்துக்குடி வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் ஊரின் சுவர்கள் விடிய விடிய ஆறாமல் கிடந்த அந்தக் கோடைக்குப் பிறகு சட்டம் வந்தது. ஒரு வீடு ஒரு நாளைக்கு இவ்வளவு வெப்பம்தான் வெளியே விடலாம். சோறும் குழம்பும் கீழ்த்தளத்துப் பொது உலையிலிருந்து வந்துவிடும். வீட்டுப் பங்கு ஒரு காப்பிக்கும் நாலு தோசைக்கும் சரியாகப் போய்விடும். எண்ணெய்ச் சட்டி காய வேண்டுமென்றால் எட்டு வீட்டுப் பங்கும் ஒன்றாகச் சேர வேண்டும். ஏழு சேர்ந்தால் எண்ணெய் வெதுவெதுவென்று கிடக்கும், வடை அதில் குளித்துவிட்டுத்தான் எழும்பும். அதனால் சனிக்கிழமை காப்பியைத் தியாகம் செய்துவிட்டு எட்டு வீடும் தாழ்வாரத்தில் கூடிவிடும்.

சட்டியில் குறை இல்லை. குறை அவள் கணவர் தவமணியின் நெஞ்சில். ஏழு மாதத்துக்கு முன் இரண்டு ஸ்டென்ட் வைத்து, எண்ணெயைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் இரண்டு வாரம் வெள்ளரிக்காய்த் தட்டோடு தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் அவர் தட்டைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். மூன்றாம் வாரம் வாசலைத் தாண்டவில்லை. அதன் பிறகு எந்தக் கிழமையும் தாண்டவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி, கப்பலுக்கே கேட்கிற மாதிரி பேசிய மனுஷன், கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று பேசப் பழகிவிட்டார்.

அவருக்காகத்தான் போன வாரம் காற்றுப் பொரிப்பான் வாங்கினாள். கடைக்காரப் பெண் ஏர் ஃப்ரையர் என்றாள். பேர் எதுவானால் என்ன, ஒரு வீட்டுப் பங்கிலேயே ஓடும், ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். முதல் நாள் வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். மாவு கூடையின் ஓட்டை வழியாக இறங்கிப் போக, வாழைக்காய் மட்டும் அம்மணமாக நின்றது. மறுநாள் உளுந்து வடை கூழாங்கல்லாக வந்தது. தவமணி அதைக் கடைவாயில் வைத்துக் கடித்து, “மொறுமொறுன்னு நல்லாத்தான இருக்கு” என்றார், கண்ணில் தண்ணீர் வர. ஆனால் புதன்கிழமை சேனைக்கிழங்கு தேறிவிட்டது. மாவில் முக்குகிற பண்டத்துக்கு இது லாயக்கில்லை, மசாலா தடவுகிற பண்டத்துக்குக் கெட்டி என்று முடிவு கட்டி, இன்றைக்குச் சாளை மீன் வாங்கி ஊறவைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமையாவது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பண்டத்தைச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அவள் பங்கைப் பிடித்துக்கொண்டால் சட்டி காயாது. ஏழு வீட்டு வாயில் மண்ணைப் போட்டவள் என்ற பேர் வரும். அதற்காகத் திரையிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு ஒளிந்துகொள்வதும் மரியாதை இல்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். சட்டிக்குச் சொந்தக்காரி பல்கீஸ், கையில் ஜல்லிக்கரண்டியோடு வந்தாள்.

“பல்கீஸ், தப்பா நினைச்சுக்கிடாத. இனி சனிக்கிழமை என் பங்கைத் தர முடியாது. அவருக்காக அந்தக் காத்து மிஷினு வாங்கிட்டேன்.”

பல்கீஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்பாடி” என்றாள்.

“என்னட்டி அப்பாடி?”

“பின்ன என்னக்கா. நாலு மாசமா சட்டியை நிப்பாட்டிருவோம்னு ஏழு வீடும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். அண்ணாச்சி உள்ள கிடக்காவ, நாங்க வாசல்ல எண்ணெய் மணக்க வடை திங்குதோம். தொண்டையில இறங்குமா? நீங்கதான் வாரம் தவறாம வந்து நாலு வடை சாப்பிடுதீங்க. அக்காவுக்கு மிச்சம் இருக்கிற சந்தோஷம் அது ஒண்ணுதான், அதையும் கெடுத்துரக் கூடாதுன்னு உங்களுக்காகத்தான் சுட்டுக்கிட்டு இருக்கோம்.”

“அட கொடுமையே. உங்க மனசு நோகக் கூடாதுன்னுல்லா நான் தின்னேன். நாலு வடையைத் தின்னுட்டு விடிய விடிய நெஞ்சு கரிக்கும்.”

இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. “போங்கக்கா, மீனைப் போடுங்க. சட்டியைக் கவுத்துருதேன். மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள் பல்கீஸ்.

சாளை நன்றாக வந்தது. தோல் சிவந்து, முள் தனியே கழன்றது. தவமணி இரண்டு மீனைத் தின்று தீர்த்தார். அவர் விரலைச் சூப்பியதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. மூன்றாவதை எடுத்தவர் நிறுத்தினார்.

“வெளிய என்ன, சத்தத்தையே காணோம்?”

நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். மற்ற ஏழு கதவும் சாத்தியிருந்தன. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அந்தத் தளம் அப்படிக் கிடந்து ஒருவரும் பார்த்ததில்லை. எல்லோரும் அவரவர் பங்கில் அவரவர் காப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

“எனக்காகவா?” என்றார்.

“உங்களுக்காகத்தான்.”

“நல்லா இருக்கே கதை. நான் ஒருத்தன் உள்ள கிடந்தேன்னு எட்டு வீட்டையும் உள்ள போட்டுட்டீங்க.”

அவள் பதில் சொல்வதற்குள் பொரிப்பானின் வயரை உருவி, சூட்டுக்குத் துண்டைச் சுற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். தாழ்வாரத்து நடுவில் அதை வைத்தார். பல்கீஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டையும் தட்டினார். பிறகு தட்டுவதை விட்டுவிட்டுக் கிரேன் மேலிருந்து கூப்பிடுகிற பழைய குரலை எடுத்தார்.

“சட்டியத்தான மூடுனீங்க, கதவ யாரு மூடச் சொன்னா? மீன் இருக்கவங்க மீனு, கிழங்கு இருக்கவங்க கிழங்கு, எடுத்துட்டு வாங்க. ஒரு பங்கு தீந்தா அடுத்த வீட்டுப் பங்குல போடுவோம்.”

ஏழு மாதமாகக் காணாமல் போயிருந்த குரல். செல்வக்கனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். பல்கீஸ் கதவு திறந்தது, அதற்கடுத்த கதவும் திறந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்ச மீனை எடுக்க உள்ளே போனாள்.