செத்தவன் குடித்த காபி

"ஏங்க... பாதிப் படத்துல குத்துப்பட்டுச் செத்தவன், அப்புறம் எப்படிங்க வந்து காபி குடிக்கிறான்?"

தியேட்டர் வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்தவன் கேட்டான். படம் ஓட்டும் அறையிலிருந்து இறங்கி வந்தவளுக்குச் சுருக்கென்றது. நனைந்த இமைக்குக் கீழே என்ன கண் அது... அந்தக் கண்ணுக்காகவாவது மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கலாம். தூங்காமல் பார்த்தால் புரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள் மகராசி!

அவன் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுபவனாம். தியேட்டர் முதலாளியான அவள் மாமாதான் சொன்னார். இந்தப் பழைய கொலைப் படம் கண்ணுக்கு விருந்து, கதை மட்டும் குப்பை என்று எழுதப்போகிறானாம்.

ரீல்களைச் சுற்றி வைக்கும்போது அவள் கை அப்படியே நின்றது. நாலாவது ரீலுக்கு முன்னால் ஐந்தாவதை ஓட்டியிருக்கிறாள். ஐயோ... செத்தவன் எழுந்து வராமல் என்ன செய்வான்?

சொன்னால், அம்மாவோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலைக்கே ஆபத்து. சொல்லாவிட்டால், அவள் தப்புக்கு ஒரு படத்தின் மானம் போகும். அதையெல்லாம் விட, அவன் தன்னை என்ன நினைப்பான் என்பதுதான் அவளை விரட்டியது. தடதடவென்று இறங்கி ஓடினாள். நல்லவேளை... மழை அவனைப் பிடித்து வைத்திருந்தது.

"தப்பு என்மேலதான்... ரீலை மாத்திப் போட்டுட்டேன். எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளோடு மேலே வந்தான். நாலாவது ரீலிலிருந்து ஓட்டினாள். சின்ன ஜன்னல் வழியே இருவரும் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். ஈரத் தெரு, மாடிப்படியில் நீளும் நிழல், சிகரெட் புகைக்குள் ஒரு முகம்... அடடா! இந்தத் தடவை காபியைக் குடித்துவிட்டுத்தான் செத்தான். ஆனால் கதை? போலீஸ் யாரையும் தேடவில்லை. கொலைகாரன் தானாக வந்து ஒத்துக்கொள்ள, படம் முடிந்தது.

"அப்பாடா... நிஜமாவே மோசம்தான்" என்று அவள் சிரித்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. எழுத நினைத்ததில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம் என்று அவனும் சிரித்தான். ஆனால் கிளம்பவில்லை.

"யாரும் கேக்காம ஒத்துக்கறது மட்டமான முடிவுன்னு எழுதப்போறேன்..." குரல் இறங்கியது. "நீங்க அப்படித்தான் வந்து ஒத்துக்கிட்டீங்க. நான் அங்கேயே விழுந்துட்டேன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்குங்க."

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"எனக்கும்தான்..." என்றாள்.