கிண்ணத்தில் வைத்த காசு

கோட்டாற்றில் ஜான்ரோசின் பட்டறை வாசலில் அந்தக் கார் வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. பேய்க்குப் பயப்படுகிறவனும் அந்த நேரத்தில் தைரியமாக நடமாடுவான்.

"ஏலத்துல எடுத்த வண்டியாக்கும்," என்றார் அரிசி வியாபாரி மைதீன் கனி. "இடது பக்கமா இழுக்கு வே. வெள்ளிக்கிழம மக சுலைகாவ இதுலதான் தேங்காப்பட்டணத்துக்கு மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்பணும்."

"சரியாக்கித் தருகேன் சாயிபு."

பச்சை வண்ணம் புதிதுதான். கதவைத் திறந்ததும் பாசி வாடை வந்தது. எந்த வண்டி என்று ஜான்ரோசுக்குத் தெரிந்துவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன்னால் மருதங்குளத்துக்குள் இறங்கிய வண்டி. ஓட்டியவன் யேசுதாசன், ஜான்ரோசின் கூட்டாளி. குடித்துவிட்டு ஓட்டினான் என்று வண்டியின் பழைய முதலாளி சொன்னார். முதலாளி சொன்னால் ஊருக்கு அப்பீல் ஏது? கள் வாடை அடித்தாலே ஓங்கரிக்கிற யேசுதாசன், செத்தபிறகு குடிகாரன் ஆனான். சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிய ஜான்ரோஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் ஒன்றுதான், விரலில் சுத்தியல் விழுந்தாலும் ஒன்றுதான். போன மாதம் நசுங்கிய கட்டைவிரல் நகம் கறுத்துக் கிடந்தது. வலித்த ஞாபகமே இல்லை.

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். லொடக்கென்றது. ஸ்டியரிங் இரண்டு விரற்கடை சும்மா சுற்றியபிறகுதான் சக்கரம் அசைந்தது. எங்கே தேய்ந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டியரிங் கம்பியின் முனையில் ஓர் இரும்பு உருண்டை உண்டு. அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணம் தேய்ந்திருந்ததை அவன் ஏழு மாதத்துக்கு முன்பே பார்த்தவன்.

அப்போது புதுச் சாமான் மதராசிலிருந்து வர மாதம் ஒன்றாகும் என்றார்கள். திருவிதாங்கூர்க் காசு செல்லாமல் போயிருந்த சமயம். ஒரு செம்புக் காசின் ஓரத்தை அராவி, கிண்ணத்துக்குள் வைத்து இறுக்கி, கழலாமலிருக்க ஓர் இரும்புப் பின்னை வளைத்துப் பூட்டி அனுப்பினான். கோட்டாற்றுப் பட்டறைகள் எல்லாம் அப்படித்தான் செய்தன. ஒன்பதாம் நாள் வண்டி குளத்துக்குள் போனது.

இப்போது அந்தப் பின்னைக் கழற்றினான். அவனே வளைத்த அதே இரும்புப் பின், துருவேறி, வளைத்த வளைவு மாறாமல் இருந்தது. யாரும் தொடவில்லை. கிண்ணத்தைத் திறந்தான்.

கிரீஸ் இல்லை. குளத்துத் தண்ணீர் சொட்டியது.

காசு இல்லை.

அன்று மதராசுக்கு எழுதிக் கேட்ட சாமான், சாவுக்குப் பிறகு வந்து பெட்டி திறக்காமலே கிடந்தது. வியாழன் மதியத்துக்குள் உருண்டை, கிண்ணம், ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்குகிற கிங் பின் எல்லாம் புதிதாகப் போட்டான். சக்கரம் பாறைபோல் நின்றது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான்.

இடது பக்கமே இழுத்தது.

குளம் இடப்பக்கம் கிடக்கிற மருதங்குளத்து வளைவில் ஸ்டியரிங் கனத்தது. அவன் பலம் கொண்டமட்டும் வலது பக்கம் திருப்பினான். யாரோ மறுபக்கம் திருப்பினார்கள். பயம் வரவேண்டிய இடம். வரவில்லை. போகட்டும் என்று கையை எடுத்தான்.

கார் குளத்தில் இறங்கவில்லை. வளைவைத் தாண்டி, இடப்பக்கத்துச் செம்மண் பாதையில் திரும்பி, ஒரு குடிசையின் முன்னால் நின்றது. ஓலை முடைந்துகொண்டிருந்த யேசுதாசனின் மனைவி வியாகுலம்மாள் எழுந்திருக்கவில்லை.

"இந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும் அண்ணே," என்றாள்.

"வியாகுலம், அவன் குடிக்கல்ல. ஸ்டியரிங் பிடிக்காம போச்சு. கிண்ணத்துல புதுசு போடாம, ஒரு காச வச்சு அடச்சுவிட்டேன். நான்தான்."

அவள் உள்ளே போய், மாதா படத்தின் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவந்தாள்.

"தண்ணியில இருந்து எடுக்கும்போ அவிய கை மூடி இருந்து. விரல விரிக்க மூணு பேரு வேண்டி வந்து. உள்ள இதாக்கும் இருந்து."

ஓரம் அராவிய செம்புக் காசு.

"ஞாயிற்றுக்கிழம பூச முடிஞ்சு, ஊர் கேக்கச் சொல்லுவீரா?" என்றாள் மெதுவாக.

"சொல்லுகேன்."

திரும்பும்போது வண்டி நூல் பிடித்ததுபோல் போனது. இவளிடம்தான் சொல்லியாயிற்றே, ஊருக்கு எதற்கு, அப்புறம் எவன் நம்மிடம் வண்டி கொண்டுவருவான் என்று நினைத்தான்.

ஸ்டியரிங் இரண்டு விரற்கடை சும்மா சுற்றியது.

"சொல்லுகேன்," என்றான் வாய்விட்டு. இறுகியது.

பழுது பார்க்கிறவன் புத்தி போகுமா? சொல்லமாட்டேன் என்று மனதுக்குள் நினைத்துப் பார்த்தான். லொடக். சொல்லுவேன். இறுகியது. மூன்று முறை சோதித்தான். மூன்று முறையும் அப்படியே.

அப்போதுதான் உறைத்தது. ஞாயிறு வருவதற்கு முன்னால் வெள்ளி வரும். மைதீன் கனியின் மகள் இதில் ஏறுவாள்.

சாயங்காலம் மைதீன் கனி வந்தார். கடைவீதி நிறைய ஆள்.

"இழுப்பு போச்சா வே?"

ஜான்ரோஸ் வீதியைப் பார்த்து நின்று, ஒன்று விடாமல் உரக்கச் சொன்னான். யேசுதாசன் குடிகாரன் இல்லை என்று இரண்டு தடவை சொன்னான். கறுத்த கட்டைவிரல் திடீரென்று விண் விண்ணென்று வலிக்கத் தொடங்கியது. அவன் அழுதான்.

மைதீன் கனி கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "மகள ஏத்தலாமா?"

"ஏத்தலாம் சாயிபு. ஞாயிற்றுக்கிழம கோயில்லயும் சொல்லுகேன்."

வெள்ளி சாயங்காலம் பெண்ணை விட்டுவிட்டு வண்டி நல்லபடியாகத் திரும்பியது. மைதீன் கனி பட்டறை வாசலில் இறங்கினார்.

"ஒரு இழுப்பும் இல்ல. ஆனா டிரைவர் ஒண்ணு சொல்லுகான். மருதங்குளத்து வளைவுல இவன் திருப்பும் முன்னே அது தானா வலத்தே திரும்பிட்டாம்."

ஜான்ரோஸ் போய் ஸ்டியரிங்கில் கை வைத்தான்.

ஈரமாக இருந்தது.