ஆமெனுக்குப் பிறகு

ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன பிறகும் அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

கல்யாணமாகி வந்த முதல் ராத்திரி ஞானப்பூ இதைப் பார்த்தபோது, இந்த வீட்டில் பக்தி கொஞ்சம் கூடுதல் போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். அருமனையில் அவளுடைய அப்பா வீட்டில் ஆமென் பாதி வாயில் இருக்கும்போதே தம்பிமார் ஆளுக்கொரு தலையணையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். இங்கே, குலசேகரத்தைத் தாண்டி ரப்பர் தோட்டத்தின் விளிம்பில் நின்ற இந்த ஓட்டு வீட்டில், அவள் புருஷன் ராஜையனும் அவனுடைய எட்டு வயது மகள் லீலாபாயும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, முழங்காலிலேயே நின்றார்கள். அரிக்கன் விளக்கின் திரி லேசாகப் பொரிந்தது, வெளியே ரப்பர் இலைகளிலிருந்து மழைத்தண்ணீர் இலைக்கு இலை இறங்கிக்கொண்டிருந்தது, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் வேலை பார்க்கிற ராஜையனின் மேலிருந்து எத்தனை சோப்பு போட்டாலும் போகாத புகை வாடை அறை முழுக்க நின்றது, இத்தனைக்கும் நடுவில் ஞானப்பூ மட்டும் பாதி எழுந்து, எழுந்ததற்கு வெட்கப்பட்டு, சேலையைச் சரிசெய்கிற பாவனையில் நின்றாள். புதுப்பெண்ணுக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

ஒரு மாதம் பொறுத்துவிட்டுப் புருஷனிடம் கேட்டாள்.

"ஜெபம் முடிஞ்ச பொறவும் அப்பனும் மகளும் எதுக்கு அப்பிடியே நிக்கிய?"

"அது இந்த வீட்டுப் பழக்கம்" என்றான் ராஜையன். "நீ எந்திச்சுக்க. ஒரு குத்தமும் இல்ல."

விஷயத்தைச் சொன்னது பிள்ளைதான். ராஜையனின் குடும்பத்தில் ராத்திரி ஜெபம் ஆமெனோடு முடியாது. பாட்டு, வேதவாசிப்பு, ஆளாளுக்கு ஜெபம், எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், இவ்வளவும் ஆன பிறகு அந்த வீட்டின் அம்மா எழுந்து சுற்றி வந்து ஒவ்வொரு தலையிலும் கண்ணை மூடி வலது கையை வைப்பாள். அவரவர் தலையிலிருந்து கையை எடுக்கும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அப்படிக் கைவைத்து வந்தவள் ராஜையனின் முதல் மனைவி செல்லத்தாய். தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கிற பால்வெட்டுக்குப் போனவள். மஞ்சள்காமாலையில் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

"அம்மெ கைவைக்காம எப்பிடி சின்னம்மெ எந்திக்க?" என்று லீலாபாய் கேட்டாள், ஏதோ சாப்பிடாமல் எப்படிக் கைகழுவுவது என்று கேட்கிற மாதிரி.

ஞானப்பூவுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இருபத்தொன்பது வயதுவரை அப்பாவின் நோயைப் பார்த்துக்கொண்டு கிடந்து, கடைசியில் ரெண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். சோறு அவள் பொங்க வேண்டும். புகைநாற்றச் சட்டையை அவள் துவைக்க வேண்டும். பிள்ளையின் தலையில் பேன் அவள் பார்க்க வேண்டும். அதே தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்து ஆசீர்வதிக்க மட்டும் மண்ணுக்குள் கிடப்பவள் வேண்டுமாம். 'இனி நீ வையேன் ஞானப்பூ' என்று ராஜையன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அந்த வீட்டுக்காரி. அவன் சொல்லவில்லை. தானாகக் கேட்க அவளுடைய ரோஷம் விடவில்லை.

நாஞ்சில் நாட்டையும் அக்கம்பக்கத்துத் தாலுகாக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று சந்தையிலும் பஸ்ஸிலும் பேசாத ஆள் இல்லாத வருஷம் அது. யார் யாரோடு சேர்வது என்று ஊர் முழுக்க வழக்கு. ஞானப்பூவின் வழக்கு ஒரே அறைக்குள் கிடந்தது.

அவள் ஜெபத்தில் கண்ணைத் திறக்க ஆரம்பித்தாள். பாவம் என்று தெரியும். ஆனாலும், செத்தவளுக்காக இவர்கள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிற ஆத்திரம்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள், சாயங்காலம் அவளே எண்ணெய் வைக்காமல் உலரவிட்டிருந்த லீலாபாயின் தலைமுடி, உச்சியில் பொங்கி நின்ற முடி, மெல்ல அமுங்கியது. காற்றில் சாய்வது அப்படி இருக்காது. பிள்ளையின் கழுத்து அரை அங்குலம் கீழே போனது, பாரம் விழுந்தாற்போல. கொஞ்ச நேரத்தில் முடி மறுபடியும் எழுந்தது. பிறகு பாய் நெரிகிற சத்தம். கோரைப்பாயின் மேல் வெறுங்கால் ஒன்று பதிந்து எழுந்தால் என்ன சத்தம் வருமோ அது. ராஜையனின் தலை தாழ்ந்தது. அவன் மூச்சை இழுத்து விட்டான், வேலை முடிந்து வந்து உட்கார்கிறவன் விடுகிற மூச்சு. அறையில் புகை வாடைக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. சிரட்டையில் உறைந்து இரண்டு நாள் கிடந்த ரப்பர் பாலின் புளித்த வாடை. பால்வெட்டுக்காரிகளின் கையில் எப்போதும் இருப்பது.

பாய் மறுபடியும் நெரிந்தது. சத்தம் ஞானப்பூவுக்கு நேராக வந்தது. அவளுடைய பாயின் ஓரம் அமுங்கியது. நின்றது.

பிறகு அவளைத் தாண்டி அடுக்களைப் பக்கம் போய்விட்டது.

அன்று ராத்திரி அவள் பயத்தில் தூங்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பயம் இருந்தது, விடியும்வரை அடுக்களைப் பக்கம் முதுகைக் காட்டாமல் படுத்துக் கிடந்தாள். ஆனால் அந்தப் பயத்தையும் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே வந்து நின்றது. எனக்கு முன்னால் வந்து நின்றாளே. பார்த்தாளே. பார்த்துவிட்டு, ஆகாது என்று போனாளே! உயிரோடு இருக்கிறவள் செத்தவளிடம் தலைக்கு ஒரு தொடுதலுக்காக நிற்பதும், அது கிடைக்காமல் போவதும் என்ன கேவலம் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

காலையில் புருஷனிடம் கேட்டேவிட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நிக்கிய. ராத்திரி அவ வாறா."

ராஜையன் கட்டன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். "நீ கண்ணெத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"தொறக்கப்படாது ஞானப்பூ. அது ஒண்ணுதான் நான் ஒனக்கிட்ட கேக்கது. பிள்ளெ நல்லா ஒறங்குது. எனக்கும் ஒறக்கம் வருது. யாருக்கும் ஒரு கேடும் இல்ல."

"அப்பம் நான் யாரு இந்த வீட்டுல?"

அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் பாய் நெரியும், அது அவள் முன்னால் வந்து நிற்கும், தாண்டிப் போகும். அவள் இடம் மாற்றிப் பார்த்தாள். பிள்ளைக்கும் புருஷனுக்கும் நடுவில் பாயைப் போட்டாள். அது லீலாபாயைத் தொட்டது, அவளைச் சுற்றிக்கொண்டு போய் ராஜையனைத் தொட்டது. முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையை நீட்டிக்கூடப் பார்த்தாள். அதை நினைத்துப் பிற்பாடு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்த ஒரு சனிக்கிழமை. பிள்ளைக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள் ஞானப்பூ. ஒரு முடி அறுந்துவிடாமல் பொறுமையாக எடுத்தாள். பிள்ளை சொக்கி அவள் முழங்காலில் சாய்ந்தது. அவளுக்கு உள்ளே ஏதோ இளகியது.

"ஒறக்கம் வருதா மக்ளே? இப்பிடியே கெடந்து ஒறங்கு."

"இப்பம் வராது சின்னம்மெ" என்றாள் லீலாபாய். "ராத்திரி அம்மைக்க கை பட்டாத்தான் வரும்."

சீப்பு நின்றது. அந்த நொடியில்தான் அவள் முடிவு செய்தாள்.

செல்லத்தாய் வருமுன்னால் நான் வைத்துவிட வேண்டும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் கை முந்திவிட்டால் அவளுக்கு இந்த வீட்டில் வேலை இல்லை. அடுக்களையில் யாரும் பார்க்காதபோது, வைக்கப்போகிற விதத்தைப் பூசணிக்காயின் மேல் கையை வைத்துப் பழகிப் பார்த்தாள். அழுத்தாமல், விரல்களை விரிக்காமல். தனக்கே சிரிப்பு வந்தது.

ராத்திரி மழை ஓட்டின் மேல் கொட்டியது. பாட்டு மழையில் அமுங்கிப்போனது. ராஜையன் வேதம் வாசித்தான். லீலாபாய் தன் பள்ளிக்கூடத்துக்காகவும், சினையாக இருந்த பசுவுக்காகவும், அம்மைக்காகவும், கடைசியில் கொஞ்சம் யோசித்து சின்னம்மைக்காகவும் ஜெபித்தாள். மூன்று பேரும் பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொன்னார்கள். ஞானப்பூவின் உதடு சொன்னது. காது பாயின் மேல் இருந்தது.

ஆமென்.

அவள் எழுந்துவிட்டாள். பாய் நெரியவில்லை. வாடை இல்லை. அடுக்களை வாசலில் இருட்டு அசையவில்லை. முந்திவிட்டோம் என்ற சந்தோஷம். பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள். கைவைக்கும்போது அம்மாவும் கண்ணை மூட வேண்டுமே என்று நினைவு வந்தது. முறையாகச் செய்ய வேண்டும், ஒரு குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டாள். வலது கையை மெல்ல இறக்கினாள்.

கை பட்டது.

முடி இல்லை.

வழவழப்பாக, ஈரமாக, கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் குளிர்ந்து. மேடு. பள்ளம். மறுபடியும் மேடு. விரல் முட்டிகள். அவள் உள்ளங்கைக்கு அடியில், பிள்ளையின் உச்சியின் மேல், ஏற்கனவே ஒரு கை இருந்தது.

புளித்த பால் வாடை அவள் முகத்துக்கு நேராக அடித்தது. மூச்சு விடுகிற தூரத்தில்.

"அப்பா" என்றாள் லீலாபாய், தூக்கம் கலந்த குரலில். "இண்ணைக்கு அம்மைக்க கை கனமா இருக்கு."

"பேசாத மக்ளே" என்றான் ராஜையன். "கண்ணெத் தொறக்காத."

ஞானப்பூ கையை எடுக்கப் பார்த்தாள். அடியில் இருந்த கை புரண்டது. அவசரமில்லாமல். உள்ளங்கை மேலே வந்தது. கத்தி பிடித்துக் காய்த்த தோல் அவள் தோலோடு உரசியது. விரல்கள் அவளுடைய விரல்களுக்கு இடையே ஒவ்வொன்றாக நுழைந்தன. பூட்டிக்கொண்டன.

கத்த வாயைத் திறந்தாள். ஓட்டு மேல் மழைதான் கேட்டது.

கை அவளை இழுத்தது. அவள் நடந்தாள். பாய் நெரிந்தது, இரண்டு பேர் நடக்கிற மாதிரி. அது அவள் கையைக் கொண்டுபோய் ராஜையனின் தலையில் வைத்தது. அடர்ந்த முடி. புகை வாடை. கல்யாணமான இந்த ஆறு மாதத்தில் ஜெபத்தில் முதல்முறையாக அவள் கை புருஷன் தலையில் இருந்தது. அவன் மூச்சை இழுத்து, சுகமாக விட்டான். அவளுக்காக அல்ல. அந்த நேரத்திலும், அந்தப் பிடியிலும், அது அவளைக் குத்தியது.

பிறகு அது அவளை அவளுடைய பாய்க்கே கூட்டி வந்தது. தோளில் பாரம். முழங்கால் மடங்கியது. மண்டியிட்டாள். விரல்கள் அவளை விட்டன.

பாயின் ஓரம் அமுங்கியது. நின்றது.

தாண்டிப் போ, என்று அவள் மனசு கெஞ்சியது. தாண்டிப் போ. என்றும் போலப் போ.

உச்சந்தலையில் ஈரமாக, மெதுவாக, கை இறங்கியது.

நிமிஷம் போனது. கை எடுபடவில்லை. அவள் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் ராஜையன் எழுந்திருக்கிற சத்தம். பிள்ளையின் பாயைச் சுருட்டுகிற சத்தம். விளக்கின் வெளிச்சம் இமைகளுக்கு வெளியே அசைந்தது.

"சின்னம்மெ எந்திக்கல்லியா அப்பா?"

"அம்மெ இன்னும் கையெ எடுக்கல்ல மக்ளே" என்றான் ராஜையன். "நீ வா."

வெளிச்சம் உள்ளறைக்குப் போனது. கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

இருட்டு. மழை. கை.

கழுத்து அரை அங்குலம் தாழ்ந்தது. இன்னும் அரை அங்குலம். நெற்றி பாயைத் தொட்டது. கோரை கன்னத்தில் குத்தியது. வாய் பாயில் அமுங்கியது.

அப்போது இரண்டாவது கையும் வந்து முதல் கையின் பக்கத்தில் அமர்ந்தது.