டிஸ்சார்ஜ் என்றால்...

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. உள்ளே அவள் மட்டும்... நாலாம் மாடி ஆங்கில வகுப்பின் டீச்சர். வெளியே பேய்மழை.

"யாராவது இருக்கீங்களா...?"

மேலே கதவு விரற்கடை அளவு விலகியது. இடுக்கில் இரண்டு கண்கள். தூக்கம் பார்த்துப் பல நாளான கண்கள்... ஆனாலும் சிரித்தன.

"பயப்படாதீங்க டீச்சர். மெக்கானிக்தான். இதோ வெளியே அனுப்பிடறேன்."

"அனுப்பறதுன்னா? டிஸ்பேட்ச்சா, டிஸ்மிஸ்ஸா?" பயத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, பாடம் நடத்துவது.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? பார்சலை டிஸ்பேட்ச் பண்ணுவாங்க. ஆளை வேலையை விட்டு அனுப்பினா டிஸ்மிஸ். வண்டி புகை விட்டா எமிட்."

"அப்போ... டிஸ்சார்ஜ்?" ஸ்பேனர் சத்தம் நின்றது. "அம்மாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றோம்னு டாக்டர் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல."

"அட, நல்ல சேதி! குணமாயிட்டாங்கன்னு அர்த்தம்."

அந்தக் கண்கள் மலர்ந்தன. அவளை மேலே தூக்கிவிட்ட கையின் சூடு, அன்று முழுக்க அவள் விரல்களை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம், பாதிப் பாடத்தில் அவன் வகுப்பு வாசலில் வந்து நின்றான். அவள் நெஞ்சு படபடத்தது...

"நீங்க சொன்ன அர்த்தம் தப்பு டீச்சர். இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லைன்னாலும் டிஸ்சார்ஜ்தானாம்."

வகுப்பே அவளைப் பார்த்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"நான் வார்த்தைக்கு அர்த்தம் சொல்றவ. வைத்தியம் பார்க்கறவ இல்லை."

அவன் படியிறங்கிப் போனான்.

அதன்பின் லிஃப்ட்டைப் பார்க்க வேறொருவர் வந்தார். அவன் அம்மா தவறிப்போன செய்தியை அவர்தான் சொன்னார். அவள் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினாள்.

ஒற்றை அறை. மெத்தை சுருட்டிய கட்டில். தரையில் அவன்.

"வாங்க..." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"என்னை மன்னிச்சிருங்க..."

"எதுக்கு? நீங்க சொன்னதைத்தான் அம்மாகிட்ட சொன்னேன். கடைசி வரைக்கும் குணமாயிட்டோம்னே நம்பினாங்க." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உங்களைப் பத்தியும் சொன்னேன். ஒரு டீச்சர் மனசை விட்டுப் போகவே மாட்டேங்கறாங்கன்னு. ஒரு தடவை கண்ணுல காட்டுடான்னு கேட்டுட்டே இருந்தாங்க. நான்தான்... ரோஷத்துல உங்களைக் கூப்பிட வரல."

அவள் அவனருகில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வந்தேன்..."

"எப்போ?"

"ரெண்டு மூணு தடவை. விலாசம் விசாரிச்சு இந்தத் தெருமுனை வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல... வீம்பு விடல. திரும்பிப் போயிட்டேன்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவள் அந்தக் கையை விலக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப."

அவன் கையை விடவில்லை. காலிக் கட்டிலை மட்டும் இருவராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.