மூன்று புள்ளிகள்

செவ்வாய்க் குடியேற்றத்தின் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பொறியியல் படிப்பு மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். காலையில் காதுக்குப் பின்னால் அறிவுச்சில்லைப் பொருத்திக்கொண்டு உள்ளே போகும் பிள்ளை, பசியோடு வெளியே வரும்போது இன்ஜினியர். அந்தப் பாடத்திட்டத்தை வகுத்த குழுவின் தலைவி அங்கயற்கண்ணிக்கு அதில் பெருமை உண்டு. போன வருடம்வரை இருந்தது.

போன வருடம் ஏழாம் குவிமாடத்தில் காற்றுக் குழாயின் வால்வு சிக்கிக்கொண்டது. உள்ளே அவளுடைய ஒரே மகள் நறுமுகை. வெளியே பதினொரு இன்ஜினியர்கள் நின்று சில்லுக்குள் தேடினார்கள். அந்தக் கோளாறு பாடத்தில் இல்லை. ஒரு தட்டு தட்டியிருந்தால் திறந்திருக்கும். பாவிகள், ஒருவருக்கும் கை எழவில்லை.

அதன்பிறகுதான் அங்கயற்கண்ணி புதுப் பாடம் ஒன்று கேட்டாள். சில்லைக் கழற்றிவிட்டுப் பழுதான வால்வோடு பிள்ளைகள் மல்லுக்கட்ட வேண்டும்.

"செய்முறைக்கு எடம் ஏது மேடம்? எழுத்துத் தேர்வா வச்சுக்கலாம்" என்றார் பதிவாளர் கோதண்டம்.

"இதுக்கு விடையே கெடையாது சார். புள்ளைங்க தானா யோசிக்கணும்."

"மாடல் ஆன்சர் இல்லாம மெஷின் எப்படித் திருத்தும்? நீங்க நடத்துற பாடத்தையே மாடலா ஏத்திடறேன்."

கிடைத்தவரை போதும் என்று அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

முதல் வகுப்பில் மகளின் கதையைச் சொன்னாள். நடுவில் தொண்டை அடைத்து நின்றுபோனாள். இருநூறு பேரும் தலை குனிந்திருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

தேர்வில் ஒரே கேள்வி: "பாடத்தில் இல்லாத கோளாறு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

முதல் தாளைப் புரட்டினாள். 'என் மகள் நறுமுகை ஏழாம் குவிமாடத்தில் இறந்தாள்' என்று தொடங்கியது. அடுத்த தாளும் அப்படித்தான். இருநூறு தாள்களிலும் அவள் சொன்னது ஒரு சொல் பிசகாமல் இருந்தது. அவள் குரல் அடைத்துப்போன இடத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் மூன்று புள்ளிகள் வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஒரு மாணவி தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தாள்.

"மேடம், எல்லாருக்கும் நூறு. எனக்கு மட்டும் தொண்ணூத்தொம்பது. நீங்க அழுத எடத்துல ரெண்டு புள்ளிதான் வச்சேன், அதனாலயா?"

அங்கயற்கண்ணி அவளுடைய தாளைத் தேடி எடுத்தாள். கண்ணீர் வழிய வழிய அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டுக்கொடுத்தாள்.