ஊதாமல் உட்கார்ந்தவன்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பொழுது சாய்ந்து முதல் நட்சத்திரம் தெரிந்த கையோடு ஊர்த்தலைவன் ஹவ்ரிலோ என் வீட்டுக் கதவைத் தட்டினான். அந்த வேளையில் யார் தட்டினாலும் சாப்பாடு போட்டாக வேண்டும் என்பது எங்கள் மலையூர் வழக்கம். அது தெரிந்துதான் வந்திருந்தான். வாயில் பிளம் சாராய நாற்றம், மேலே ஆட்டுத்தோல் கோட்டு, முகத்தில் ஊரையே விலைக்கு வாங்கிவிட்டவனின் இளிப்பு.

என் புருஷன் யுர்கோவைப் பேரரசரின் படைக்கு இழுத்துப்போய் இது இரண்டாவது பனிக்காலம். எனக்கு எழுத்து தெரியாது. படையிலிருந்து வரும் கடிதங்கள் ஹவ்ரிலோ கைக்குத்தான் வரும். அவன் படித்துச் சொன்னால்தான் எங்களுக்குச் சேதி.

"மோத்ரா, உன் வீட்டுக்காரன் எழுதியிருக்கான்டி." தாளை விரித்தான். "'என் மாடப்புறாவே, நல்லா இருக்கேன். ஈஸ்டருக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் தலைவர் சொன்னபடி நட'ன்னு போட்டிருக்கான்."

மாடப்புறாவாம்! எட்டு வருஷமாக யுர்கோ என்னைக் 'குட்டச்சி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். உருப்படியாக ஒரு பொய் சொல்லக்கூட வக்கில்லாத ஜென்மம்.

ஆனாலும் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா, எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும். இல்லையென்றால் என் அண்ணன்மார் மூவரும் வந்து என்னை அழைத்துப் போய்விடுவார்கள். இருக்கிறார் என்றால் நான் இந்த வீட்டில் ஒண்டியாகக் காத்துக் கிடக்க வேண்டும். ஹவ்ரிலோவுக்கு இதில் எது வசதி என்பது ஊருக்கே தெரியும்.

அன்றைக்கு மட்டும் நாங்கள் பெஞ்சை ஊதிவிட்டுத்தான் உட்காருவோம். செத்துப்போன வீட்டார் சாப்பிட வந்திருப்பார்கள்; தெரியாமல் அவர்கள்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது.

"ஊதிட்டு உக்காருங்க, தலைவரே."

"யாரு, உன் மாமனாரா? பல்லு போன கிழவன். நசுங்கினா நசுங்கட்டும்."

சன்னலோரம், யுர்கோவின் இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

பெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்தது.

மரம் முனகினால் எனக்குத் தெரியும். அது மரமில்லை. ஈரக் கம்பளியும் சேறும் கலந்த வாடை மெல்ல எழுந்து வீடெல்லாம் பரவியது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் விரல்கள் விறைத்துவிட்டன.

"என்னடி இது, பெஞ்சு இப்படிச் சில்லுங்குது?"

அவன் உடம்பு மெல்ல உயர்ந்தது.

தாழ்ந்தது.

மறுபடி உயர்ந்தது.

அவனுக்கு அடியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழப் பார்த்தான், முடியவில்லை. யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்த மாதிரி அவன் இடுப்பில் கோட்டு இறுகியது.

"மோத்ரா... கையைக் குடுடி..."

நான் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் அந்த மாலையில் அப்படி வந்து உட்கார மாட்டார்கள். அது எனக்குப் புரிந்துவிட்டது.

"என் வீட்டுக்காரரு உசுரோடதானே இருக்காரு?" மெதுவாகத்தான் கேட்டேன்.

"இ... இருக்கான். கடுதாசி வந்துச்சே..."

"அப்ப நீங்க யாரு மேல உக்காந்திருக்கீங்க?"

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"செத்துட்டான்டி! அறுவடை முடிஞ்சப்பவே தாள் வந்துச்சு. நான்தான் மறைச்சேன். விடச் சொல்லு, விடச் சொல்லுடி!"

பிடி விட்டது. தொப்பியைக்கூட எடுக்காமல் பனியில் விழுந்தடித்து ஓடினான், பெரிய மனுஷன். நான் தரையில் உட்கார்ந்து விடியும்வரை அழுதேன்.

அதற்குப் பிறகு ஹவ்ரிலோ எங்கும் உட்காரவில்லை. கோவிலில் நின்றான், சாராயக்கடையில் நின்றான், சுவரில் சாய்ந்து குதிரை மாதிரி நின்றே தூங்கினான். எதில் உட்காரப் போனாலும் அடியிலிருந்து அந்த மூச்சு வருமாம். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தும் என் புருஷன் என்னிடம் வரவில்லை, அந்த நாயின் பின்னால் அல்லவா அலைந்துகொண்டிருந்தார்! எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

சேதி கேட்டு ஐந்தாம் நாள் என் அண்ணன்மார் பனிச்சறுக்கு வண்டியோடு வந்தார்கள். ஹவ்ரிலோவின் வீட்டைத் தாண்டும்போது அவன் கால்கள் வீங்கி, வாசல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"போதும்யா," என்றேன். "இவனெல்லாம் உங்களுக்கு ஒரு ஆளா? வாங்க, போலாம்."

பனியில் சத்தமே இல்லை.

ஹவ்ரிலோவின் கால்கள் மடங்கின. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பனியில் உட்கார்ந்தான். காத்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. பிறகு குழந்தை மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

"யாரைக் கூப்பிட்ட, தங்கச்சி?" என்று பெரியண்ணன் திரும்பினார்.

வண்டியில் என் பக்கத்தில் விரித்திருந்த வைக்கோல் மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. போர்வையில் பாதியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அது தானாக நகர்ந்து வந்து, என் முழங்காலை மூடியது.