பதினைந்தாவது மணற்கடிகாரம்

அந்த வீட்டுக்குள் அவள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது காலை ஒன்பது மணி. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் யாரோ துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் வண்டி ஒன்று கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

பழைய மாடி வீடு. கீழே யாரும் இல்லை. மேலே மூன்று அறைகளில் ஒரு வீடியோ கேம் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்றே பேர். நடத்துகிறவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்தவர் புரோகிராமர், நாற்பதைத் தாண்டியவர், பேசுவதற்கு முன்னால் தலையைச் சொறிவது வழக்கம். மூன்றாவது ஆள் இவள். விளையாட்டை விளையாடிப் பார்த்து எங்கே ஓட்டை, எங்கே உடைசல் என்று எழுதித் தருவது இவள் வேலை.

"குறை சொல்றதுக்குச் சம்பளமா? இத்தனை வருஷமா எங்கிட்ட ஓசியில சொல்லிட்டிருந்தியே" என்று அவள் கணவன் வேலை கிடைத்த அன்றே வாரினான்.

விளையாட்டும் எளிமையானதுதான். ஒரு குட்டி மனிதன் பலகைக்குப் பலகை தாவி ஓட வேண்டும். மேலே வலது மூலையில் நூறு என்று ஒரு எண், நொடிக்கு ஒன்றாகக் குறையும். சுழியம் ஆனால் கதை முடிந்தது. வழியில் அங்கங்கே மணற்கடிகாரம் மிதக்கும். ஒன்றைத் தொட்டால் இருபது நொடி கூடுதலாகக் கிடைக்கும். கடைசிப் பத்து நொடியில் பின்னணித் தாளம் இரட்டை வேகத்தில் ஓடும், விளையாடுகிறவனின் வயிற்றைக் கலக்குவதற்கென்றே வைத்தது. அந்தத் தாளம் இரண்டு பென்சிலை மேசையில் தட்டிப் பதிவு செய்தது. தட்டியது அக்காவின் தம்பி.

லெவல்களை எல்லாம் வடிவமைத்தவன் அவன்தான். எந்தப் பலகை எங்கே, எந்த மணற்கடிகாரம் எங்கே என்று இழைத்து இழைத்து வைத்தவன். ஏழரை மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஜன்னலோர மேசையிலேயே, மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அவனுடைய லேப்டாப்பை அக்கா அணைக்க விடவில்லை. விளையாட்டில் எல்லாரும் செய்கிற மாற்றங்கள் அதிகாலையில் அதில்தான் தானாக ஒன்றுசேரும். ஆகவே புதிதாக வந்தவள் சோதிக்க வேண்டியதும் அந்த மேசையில்தான் என்று புரோகிராமர் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். வேறு எதையோ சொல்ல வாயெடுத்தாற்போல இருந்தது.

மஞ்சள் கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு அவள் உட்கார்ந்தாள். மேசையில் இருமல் மிட்டாய் வாசனை அடித்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். காலி.

பன்னிரண்டாவது லெவலில் பதினான்கு மணற்கடிகாரங்கள் என்றது சோதனைக்குக் கொடுத்திருந்த பட்டியல். திரையில் பதினைந்து இருந்தன.

கூடுதலாக இருந்தது ஒரு மூலைப் பலகைக்கு மேலே, எட்டிப் பிடிக்கவே முடியாத இடம் போலத் தோன்றும் ஓர் இடத்தில். வேலையில் கெட்டிக்காரி அவள். நாலாவது தாவலில் பிடித்துவிட்டாள். மற்ற பதினான்கும் அடுத்த ஆட்டத்தில் திரும்ப வந்தன. பதினைந்தாவது வரவில்லை. 'ஒருமுறை எடுத்தால் போய்விடுகிறது' என்று குறையாக எழுதி வைத்தாள்.

மறுநாள் காலை இன்னொன்று, வேறு இடத்தில். அதையும் எடுத்தாள். அதற்கு மறுநாள் இன்னொன்று.

பதினோரு மணிக்கு அக்கா வருவார். மெலிந்த உருவம், படியேறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். யாரிடமும் பேசுவதற்கு முன்னால் தம்பியின் மேசைக்கு வந்து பன்னிரண்டாவது லெவலை ஒரே ஒரு முறை விளையாடுவார். கோயிலுக்குப் போகிறவர்கள் முகத்தில் இருக்குமே, அப்படி ஓர் அடக்கம் அந்த முகத்தில் இருக்கும். மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு கன்ட்ரோலரைக் கீழே வைப்பார்.

"இன்னிக்கும் இல்ல" என்பார் தனக்குத்தானே.

எது இல்லை என்று இவள் கேட்டிருக்கலாம். முதலாளியிடம் எதற்கு வீண் பேச்சு என்று இருந்துவிட்டாள்.

இதற்கிடையில் அவளுக்கு நாட்கள் நீள ஆரம்பித்தன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வீடு முழுக்கப் பெருக்கி முடித்தாலும் பால் பொங்குவதில்லை. பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் நின்ற மாதிரி கால் கடுத்தது. கைக்கடிகாரமோ பத்து நிமிடம்தான் என்றது. "உனக்கு மட்டும் ஒரு நாளைக்கு முப்பது மணி நேரமா?" என்றான் கணவன். சிரித்தாள். ஆனால் உடம்பு ஓர் இடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. யாருக்கோ உரியதைத் தூக்கி வந்து வீட்டில் ஒளித்து வைத்திருப்பது போல நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

மேசையில் உட்காரும்போதெல்லாம் பென்சில் தட்டும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரை அணைத்தாள். அப்போதும் கேட்டது. மேசையின் மறுபக்கத்திலிருந்து, மெதுவாக, பொறுமையில்லாத ஒருவன் தட்டுவது போல.

டக். டக்.

டக். டக்.

நாற்பத்தோராவது நாள், படியில் பாதி ஏறிய அக்கா மேலே வரவில்லை. சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது கைப்பிடியைப் பற்றியபடி சரிந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் புரோகிராமர் வாயைத் திறந்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் அவர்களுடைய அம்மாவிடமிருந்து வந்தது ஒரே மாதிரி பலவீனமான இதயம். தம்பி போன அன்றைக்கே அக்காவுக்கு இரண்டு மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மறுநாள் காலையில்தான் முதல் பதினைந்தாவது மணற்கடிகாரம் வந்தது. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று லேப்டாப் தானாகக் குறித்து வைக்கும். அதில் தம்பியின் பெயர் இருந்தது, அன்றைய தேதியோடு.

"அக்கா எடுத்தாங்க. அன்னிக்கு நல்லா இருந்தாங்க. தினம் ஒண்ணு வந்துச்சு, தினம் எடுத்தாங்க" என்றார். "ரெண்டு மாசம்னது ஏழரை மாசம் ஓடிச்சு. அப்புறம் திடீர்னு நின்னுபோச்சு. அவன் போயிட்டான்னு அக்கா சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"நிக்கல" என்றாள் அவள். "ஒன்பது மணிக்கு வந்து நான்தான் எடுத்துட்டிருந்தேன். நாப்பத்தொண்ணு."

அவர் இந்த முறை தலையைச் சொறியவில்லை.

அவருக்கும் பொறுப்பு இருந்தது. பேய் கீய் என்றால் புதிதாக வந்தவள் ஓடிவிடுவாள் என்று பயந்து மறைத்திருக்கிறார். அவள் எழுதி வைத்த குறைகளையும் பன்னிரண்டாவது லெவல் வரை படித்திருக்கவில்லை. அவளோ ஒன்று விடாமல் தொட்டுப் பார்ப்பதுதான் வேலை என்று தொட்டுவிட்டாள். ஒழுங்காக வேலை பார்த்ததற்காக ஓர் உயிர் போகப்போகிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

லேப்டாப்பை வார்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னது அவள்தான். அடுத்த நாள் அதிகாலையில் வருவதை யாரும் தொடாமல் வைத்திருந்தால் போதுமே. மறுநாள் மாலை நாலு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். வார்டில் வெயில் சாய்ந்து கட்டில்களின் மேல் விழுந்திருந்தது. ஒரு நர்ஸ் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா தலையணையில் சாய்ந்து கிடந்தார், உதடு வெளுத்திருந்தது. லேப்டாப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

அவள் கட்டிலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அக்கா கோபப்படவில்லை. "சொல்லாம விட்டது எங்க தப்பும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார்.

லெவல் திறந்தது. நூறு. தொண்ணூற்று ஒன்பது.

ஒரு மணற்கடிகாரம்கூட இல்லை.

வழக்கமான பதினான்கும் இல்லை. வெறும் பலகைகள். குட்டி மனிதன் தாவித் தாவி ஓடினான். எண் ஐம்பதுக்கு வந்தது, நாற்பதுக்கு வந்தது. மருந்து நெடி அடித்துக்கொண்டிருந்த வார்டில் இருமல் மிட்டாய் வாசனை எழுந்தது.

கடைசிப் பலகையில் ஏதோ இருந்தது.

மணற்கடிகாரம் இல்லை. ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு குட்டிப் பெண். அவள் மடியில் மஞ்சளாக ஒரு பை.

மணற்கடிகாரங்கள் வழக்கமாக மிதப்பது போலவே அந்தப் பெண்ணும் மெல்ல மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தாள், எடுத்துக்கொள் என்பது போல.

"இது புதுசா இருக்கே" என்றார் அக்கா. பிறகு கண் திரும்பி இவள் மடிக்கு வந்தது.

எடுங்கள் அக்கா, உங்களுடையதுதான் என்று சொல்வதுதான் நியாயம். அவளால் முடியவில்லை. வீட்டில் காத்திருப்பவன் நினைவுக்கு வந்தான். உயிரோடு இருக்க வேண்டும் என்று அவ்வளவு கேவலமாக, அவ்வளவு பலமாக அவள் என்றுமே ஆசைப்பட்டதில்லை. தன்னையறியாமல் ஸ்டூலை இரண்டடி பின்னுக்கு நகர்த்தினாள்.

திரையிலும் ஸ்டூல் நகர்ந்தது.

உடனே பலகைகள் நகர ஆரம்பித்தன. அப்படி நகர்கிற லெவலே அல்ல அது. யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளுவது போல, இடைவெளிகள் மூடிக்கொண்டு, அந்தப் பெண் குட்டி மனிதனை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

பத்து.

டக்டக் டக்டக் டக்டக்.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்திலிருந்து வந்தது.

"டேய்" என்றார் அக்கா, திரையைப் பார்த்து. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். "அவ தெரியாம எடுத்துட்டா. விடு."

பலகை இன்னும் நெருங்கியது. ஒரு தப்படி தூரம்.

"சொன்னாக் கேக்கணும். அவ வீட்டுக்குப் போகணும்டா."

ஐந்து. நான்கு.

அக்காவின் கட்டைவிரல் அசைந்தது. குட்டி மனிதன் அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பின்னால் இருந்த பள்ளத்தில் குதித்தான்.

தட்டல் நின்றது.

அக்கா கன்ட்ரோலரை அவளிடம் கொடுத்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன. மணி என்ன என்று கேட்டார், சொன்னாள். "கிளம்பும்மா, பஸ் போயிடப்போகுது. அவன் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான், தோத்தா ஒத்துக்க மாட்டான். நான் போய்ப் பேசிக்கிறேன்" என்றார். அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் புரோகிராமரின் போன் வந்துவிட்டது.

லேப்டாப்பை அவர் பழைய சாமான் எடுக்கிறவர்களிடம் கொடுத்து, கண் முன்னாலேயே சுத்தியால் உடைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். கம்பெனி இருந்த மாடி வீட்டைக் காலி செய்தார்கள். அவள் மஞ்சள் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். பால் நேரத்துக்குப் பொங்கவில்லை, பொழுது நகரவில்லை. நாற்பத்தோரு நாளும் அவளிடமே இருந்தன. திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அதை நினைத்து நினைத்து அழுதாள். ஒருநாள் அழுது முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்தாள்.

ஊரின் மறுகோடியில் புதுக் கம்பெனி. கண்ணாடிக் கட்டடம், இருநூறு பேர். அவர்களுடைய விளையாட்டில் ஓடுவது ஒரு நரி. நேரம் கூட்டித் தருவது பச்சை நிற மணிகள். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு அவளை ஒரு மேசையில் உட்காரவைத்து, இதுதான் உங்கள் இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுற்றிலும் ஆட்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பயம் இல்லை. புதுப் பழுப்பு நிறக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் லெவலைத் திறந்தாள்.

இருபத்திரண்டு மணிகள் என்றது பட்டியல். பழக்கதோஷத்தில் எண்ணினாள்.

இருபத்து மூன்று.

இருபத்து மூன்றாவது, மணி அல்ல. கடைசிப் பலகையில் நாற்காலி போட்டு ஒரு குட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்பு நிறப் பை. அதன் வாரில் ஏதோ வெள்ளையாக ஆடியது.

அவள் குனிந்து தன் பையைப் பார்த்தாள். நேற்று மாலை வாங்கியது. விலைச் சீட்டை இன்னும் வெட்டவில்லை, நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேசைக்கு மறுபக்கத்தில் யாரும் இல்லை. இருமல் மிட்டாய் வாசனை வந்தது.

டக். டக்.

அவளுக்கென்று கொடுத்த கன்ட்ரோலர் இன்னும் பிரிக்காத பெட்டிக்குள்ளேயே இருந்தது. திரையில், அசையாமல் நின்றிருந்த நரி மெல்லத் தலையைத் திருப்பி, முதல் பலகையைத் தாண்டியது.